ஜாவாச் சண்டைப் படம்

எங்கள் ஊர்க் கொட்டகையில் அந்தப் படம் ஒரே ஒரு நாள்தான் ஓடியது. ஜாவாக்காரர்கள் சுதந்திரம் கேட்டு வெள்ளைக்காரன் பட்டாளத்தோடு மோதிய சண்டையை அங்கேயே வைத்துப் பிடித்ததாம். கப்பலில் வந்த அபூர்வச் சரக்கு என்றார்கள். நமக்கே இன்னும் சுதந்திரம் வராத சமயம். கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்!

நாங்கள் போன காரணம் வேறு. அத்தையின் புருஷன், என் மாமா, வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சேர்ந்து ஜாவாவுக்குத்தான் போயிருந்தார். மாதக்கணக்காக ஒரு தகவலும் இல்லை. படத்தில் முகத்தையாவது பார்த்துவிடலாம் என்று அத்தை அப்பாவை இழுத்துக்கொண்டு வந்தாள். நானும் ஒட்டிக்கொண்டேன்.

மாமா அதற்கு முன் கடலில் மூழ்கிச் சங்கு எடுத்தவர். எங்கள் கரையில், மூழ்குகிறவனின் இடுப்புக் கயிற்றை வள்ளத்தில் நின்று பிடித்து, கைமாற்றிக் கைமாற்றி மேலே இழுப்பவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவனாகத்தான் இருப்பான். தங்கச்சி தாலியை எவன் நழுவவிடுவான்? மாமாவின் கயிறு அப்பா கையில். சங்கு சரியாகப் படாத ஒரு வருஷம் மாமா பட்டாளத்துக்குக் கிளம்பியபோது, "போயிட்டு வாங்க மாப்ள" என்று அனுப்பிவைத்ததும் அப்பாதான்.

படத்தில் ஜாவாப் பையன்கள் மூங்கில் ஈட்டியோடு ஓடி வந்தார்கள். "போடுலே அப்படி!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எதிரே பாலத்தில் பட்டாளம். அதில் ஒருவர், முதுகு மட்டும்தான் தெரிந்தது, தலையைச் சாய்த்து உள்ளங்கையால் காதைத் தட்டினார், புகுந்த தண்ணீரை வெளியேற்றுவதுபோல. மூழ்கிப் பழகியவர்களை விடாத பழக்கம்.

"அண்ணே, அவுக!" என்றாள் அத்தை.

ஒரே புகை. விலகியபோது பாலத்தில் யாருமில்லை, கீழே ஆறு மட்டும். கொட்டகையே எழுந்து கைதட்டியது. நானும் தட்டினேன்.

"மேல வந்துருவாக. தண்ணி அவுகள என்ன செய்யும்?" என்று அத்தை திரையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். படம் அதற்குள் வேறு தெருவுக்குப் போய்விட்டது. அப்பாவின் கைகள் மடிமேல் மாறிமாறி மூடித் திறந்துகொண்டிருந்தன. தாளம் போடுகிறார் என்று நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது.

மறுநாள் அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை காட்டச் சொல்லி அப்பா போய்க் கேட்டார்.

"படப்பெட்டி காலையிலேயே ரயில் ஏறிட்டே அண்ணாச்சி" என்றார்கள்.

மாமா வரவில்லை. அடுத்த வருஷம் சங்கு சீசனுக்குக் கூப்பிட வந்தவர்களிடம், கை வலி, இனிமேல் கயிறு பிடிக்க ஆகாது என்று அப்பா சொல்லிவிட்டார். எப்போதிருந்து வலிக்கிறது என்று கேட்டேன். படம் பார்த்த அன்றிலிருந்து என்றார். பெஞ்சியில் சும்மா உட்கார்ந்திருந்தவருக்குக் கை எப்படி வலிக்கும் என்று எனக்கு விளங்கவில்லை.