கையுறைக்குள் இஞ்சித் தேத்தண்ணி

குளிர்காலத்தில் காற்றில் ஓடும் பாய்மரம் கட்டிய சறுக்குப் பலகையில் ஏறி ஏரிக்குள் போகிறவனுக்கு முதலில் விறைத்துப்போவது விரல்கள்தான். அதற்கு ஒரு வழி இருக்கிறது. ரப்பர் கையுறைக்குள் சுடுதண்ணீரை ஊற்றிக்கொண்டு இறங்கினால் கொஞ்ச நேரம் தாங்கும்.

போன நவம்பரில், ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் ஹனோவருக்கு வெளியே உள்ள ஏரிக்குப் புறப்படும்போது, பிளாஸ்கில் சுடுதண்ணீர் நிரப்பித் தரும்படி மனைவியிடம் கேட்டேன். வெறும் தண்ணீரைப் பிளாஸ்கில் ஊற்ற எங்கள் வீட்டில் யாருக்கு மனம் வரும்? கூட வந்தவளைக் காரில் இருக்கவிட்டு, கரையில் நின்று, பாராமல் கையுறைக்குள் கவிழ்த்தேன். சீனியும் இஞ்சியும் போட்ட தேத்தண்ணி! பேக்கரியில் தட்டுக் கழுவிக் கழுவி வெடித்திருந்த விரல்களில் இஞ்சி பற்றி எரிந்தது. கழற்றி ஏரித் தண்ணீரிலேயே கழுவினேன். இருந்த சூடும் போய்விட்டது.

அப்போதே திரும்பியிருக்கலாம். கிழமை முழுக்க விடியுமுன் எழும்பி வேலைக்கு ஓடுகிற எனக்கு ஏரியில் கழியும் அந்த ஒரு மணிநேரம்தான் சொந்தம். அதையும் விட்டால் ஐம்பது வயதுக்குமேல் என்னிடம் என்ன இருக்கிறது என்ற வீம்பில் ஏறினேன்.

நடு ஏரியில் விழுந்தேன். தண்ணீரில் படுத்த பாயைத் தூக்கக் கயிற்றை இழுத்தேன், விரல் மடங்கவில்லை. திரும்பத் திரும்ப இழுத்தும் பாய் அசையவில்லை. கடைசியில் பலகையில் குப்புறப் படுத்து, காற்று தள்ளிய பக்கம் போய் எதிர்க்கரை நாணலில் ஒதுங்கினேன். பயத்தைவிடக் களைப்புத்தான் பெரிதாக இருந்தது.

காரில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த மனைவி ஏரியைச் சுற்றி ஓட்டிக்கொண்டு வந்தாள். என்னைக் காருக்குள் ஏற்றி, கையுறையை உருவி, என் கைகளைத் தன் கம்பளிச் சட்டைக்குள் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

"தேத்தண்ணி குடிக்கேல்லையே?"

"கையுறைக்குள்ள ஊத்திப்போட்டன்."

"உங்களுக்கென்ன விசரே, மூளை கழண்டுபோச்சே?"

இனி ஏரிக்கு வரவேண்டாம் என்று சொல்வாள் எனக் காத்திருந்தேன். சொன்னால் சண்டை பிடித்துவிட்டு அடங்கிவிடலாம். அவள் என் விரல்களைத் தேய்த்துக்கொண்டேயிருந்தாள். "இதை நிப்பாட்டுங்கோ எண்டு சொல்லன்" என்று நானே கேட்டேன்.

"நான் சொல்லமாட்டன். பிறகு சாகுமட்டும் நான்தான் மறிச்சனான் எண்டு சொல்லுவியள். நீங்களாச் சொல்லுங்கோ."

"எனக்கு இனி ஏலாது" என்றேன்.

இந்த நாட்டுக்கு வந்து எத்தனையோ வேலை செய்திருக்கிறேன். எங்கேயும் முடியாது என்ற அந்தச் சொல்லை நான் சொன்னதில்லை. சொன்னதும் அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைக்கக் கையை இழுத்தேன், அவள் விடவில்லை.