ஏழாவது ஆள்

எங்கள் சித்தப்பாவுக்குப் பெண்கள் விளையாட வேண்டும் என்ற எண்ணம் வந்ததற்குக் காரணம் ஒரு வலைதான். வேறு உயர்ந்த நோக்கம் எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

லாலாகுடாவில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸின் பின்சுவரைத் தாண்டினால் ஒரு மைதானம். பையன்கள் அங்கே இரண்டு கம்பங்களுக்கு நடுவே கயிறு கட்டி வாலிபால் ஆடுவார்கள். பந்து கயிற்றுக்கு மேலே போயிற்றா, கீழே போயிற்றா என்ற சண்டையிலேயே வெளிச்சம் போய்விடும். அந்தப் பையன்களுக்கெல்லாம் சித்தப்பாதான் தலைவர். அப்பாவின் தம்பி. மல்லாபூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. கல்யாணம் ஆகாததால் எங்களோடு இருந்தார். ஒருநாள் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய், ரயில்வேயில் தொழிலாளர் நலனைக் கவனிக்கும் அதிகாரி ஒருவரைப் பார்த்து நல்ல வலை வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அந்த மனிதர் வலையும் கொடுத்தார், பந்துகளும் கொடுத்தார், கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார். குவார்ட்டர்ஸில் பாதிப் பேர் பெண்கள், அவர்களும் இதில் ஆட வேண்டும். வருடாந்திர விளையாட்டு விழாவில் பெண்களின் த்ரோபால் டீம் ஒன்று இறங்காவிட்டால் வலை திரும்பிப் போய்விடும்.

சித்தப்பா அன்று சாயங்காலமே பெண் விடுதலைக்குக் கிளம்பிவிட்டார்.

ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு பேச்சு. எதிர் வரிசையில் ரயில்வே கார்டாக இருந்த தெலுங்குக்காரர் வீட்டில், விளையாட்டு சர்டிபிகேட் இருந்தால் அவர் மகள் பத்மாவுக்கு வேலை கிடைப்பது சுலபம் என்றார். பக்கத்து வீட்டு ஷாஹிதாவின் அம்மாவிடம், சாயங்கால வெயில் உடம்புக்கு நல்லது என்று டாக்டரே சொன்னதாகச் சொன்னார். எந்த டாக்டர் என்று அந்த அம்மா கேட்கவில்லை. எங்கள் வீட்டில்தான் அவர் பேச்சு எடுபடவில்லை.

“காலேஜுக்குப் போற புள்ளைய மைதானத்துல ஓட விடச் சொல்லுதியா?” என்றார் அப்பா.

“நம்ம வீட்டுப் புள்ளய அனுப்பாம அடுத்த வீட்டுல போய் எப்படிண்ணே கேக்க?” என்றார் சித்தப்பா.

அப்பா பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டார். எங்கள் வீட்டில் அதற்குச் சம்மதம் என்று அர்த்தம். அக்கா டீமில் சேர்ந்தாள். நானும் வருவேன் என்று அழுதேன். பத்து வயதுப் பிள்ளைக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அம்மா அடுப்படியில் இருந்தாள். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

த்ரோபால் பெரிய வித்தை இல்லை. வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் பந்தை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். பிடித்ததும் யோசிக்காமல் ஒரு கையால் திருப்பி எறிய வேண்டும். பந்து தரையிலும் விழக்கூடாது, உடம்பிலும் படக்கூடாது. பக்கத்துக்கு ஏழு பேர். முதல் வாரம் எங்கள் பெண்கள் பந்து வந்தால் கண்ணை மூடிக்கொண்டார்கள். பையன்கள் சிரித்தார்கள். பிள்ளைகளைக் காவல் காக்க வந்த அம்மாக்கள் சுவரோரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்கள். மாதம் ஒன்று போவதற்குள் அதே அம்மாக்கள் பச்சைப் பட்டாணியை மைதானத்துக்கே கொண்டு வந்து உரித்தபடி, “அவுட்! லைனுக்கு வெளிய!” என்று தெலுங்கிலும் உருதுவிலும் தமிழிலும் நடுவருக்கு மேலாகத் தீர்ப்புச் சொன்னார்கள். பையன்களுக்கு ஆடுவதற்கு நேரம் கிடைக்கவில்லை. அவர்களுக்காக வாங்கிய வலை அவர்களுக்கே இல்லாமல் போனதைச் சித்தப்பா தலையைச் சொறிந்துகொண்டு பார்த்தார்.

எங்கள் அம்மா மட்டும் வந்ததில்லை. அவளுக்கு வேலை இருந்தது. சத்தமாகப் பேசாதவள். யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் என்னை அனுப்புவாள். அவள் குரல் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டி நான் கேட்டதில்லை.

விளையாட்டு விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை. மல்காஜ்கிரியிலிருந்து ஒரு பெண்கள் டீம் வந்து இறங்கியது. எல்லாரும் வெள்ளை சல்வார், வெள்ளை கேன்வாஸ் ஷூ. எங்கள் பக்கத்தில் தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டவர்களும் வெறுங்கால்களும்தான். ஆனால் அதைவிடப் பெரிய குறை, பத்மாக்காவைக் காணோம். என்னை ஓடிப் பார்த்துவரச் சொன்னார்கள். அவர்கள் வீட்டு வாசலில் வாடகைக் கார் நின்றது. விஜயவாடாவிலிருந்து திடீரென்று பெண் பார்க்க வந்திருந்தார்கள். ஜன்னல் வழியாகப் பத்மாக்கா தெரிந்தாள். பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கிக் காட்டினாள்.

ஏழு பேர் இல்லாவிட்டால் ஆட்டம் கிடையாது என்றார் நடுவர். நலன் அதிகாரி முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சித்தப்பா பட்டாணி உரிக்கும் அம்மாக்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். தீர்ப்புச் சொல்லத் தயாராக இருந்தவர்கள் எல்லாரும் முறத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் அம்மா, கோயிலுக்குக் கட்டிப்போன சந்தன நிறச் சேலையைக்கூட மாற்றாமல், தூக்குவாளியில் எலுமிச்சை ஜூஸோடு வந்தாள்.

“மைனி, நீங்க வந்து நில்லுங்க. சும்மா நின்னாப் போதும்” என்று அண்ணியைக் கூப்பிட்டார் சித்தப்பா.

“என்னயவா? என்ன தம்பி, விளையாடுதீங்களா?”

“ஆமா மைனி, விளையாடத்தான் கூப்பிடுதேன்.”

அம்மா அப்பாவைத் தேடினாள். அப்பா தன் ரயில்வே ஒர்க்ஷாப் நண்பர்களோடு எதிர்ப்பக்கம் நின்றிருந்தார். இவ்வளவு தூரத்திலிருந்து அவரைக் கேட்க முடியாது. அவர் கையில் பேப்பரும் இல்லை. ஷாஹிதா வந்து தூக்குவாளியை வாங்கிக் கீழே வைத்தாள். “கைக்கு டரதே ஆன்ட்டி? ஹம் ஹை நா!” என்று கையைப் பிடித்து இழுத்தாள். நாங்கள் இருக்கும்போது ஏன் பயப்படுகிறீர்கள் என்று அவள் கேட்ட விதத்தில் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். முந்தானையைச் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு பின்வரிசை மூலையில் போய் நின்றாள்.

முதலில் வந்த பந்தை அம்மா பிள்ளையை வாங்குவது போல மார்போடு அணைத்துக்கொண்டாள். நடுவர் விசில் அடித்தார். மல்காஜ்கிரிக்குப் பாயிண்ட். எனக்கு வெட்கமாக இருந்தது. அடுத்ததும் அவளைத் தேடித்தான் வந்தது. அவர்கள் கண்டுகொண்டுவிட்டார்கள். முதல் செட் முழுக்க எல்லாப் பந்தும் அந்தச் சேலையை நோக்கியே வந்தது. தோற்றோம்.

இரண்டாவது செட்டில் எந்த இடத்தில் அது மாறியது என்று சொல்லத் தெரியவில்லை. அம்மா ஒன்றைப் பிடித்தாள். உடம்பில் படாமல், நீட்டிய கைகளில். பிடித்த வேகத்தில் எறிந்தாள். பந்து வலையை உரசுகிற உயரத்தில் போய் அந்தப் பக்கம் இரண்டு பேருக்கு நடுவில் விழுந்தது. கூட்டம் ஆச்சரியப்படுவதற்கு முன்னால் அம்மாவே ஆச்சரியப்பட்டுப் போனாள். தன் உள்ளங்கையை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் மூலையில் நிற்கவில்லை. முன்னே வந்தாள், பக்கவாட்டில் ஓடினாள், கொண்டை அவிழ்ந்து முதுகில் விழுந்தது. உயரமாக ஒரு பந்து வந்தபோது அக்காவும் ஷாஹிதாவும் சேர்ந்து அதற்கு ஓடினார்கள்.

“விடு! என்னுது!”

அது யார் குரல் என்று எனக்குச் சட்டென்று புரியவில்லை. மைதானம் முழுக்கக் கேட்டது. இரண்டு பெண்களும் பயந்து விலகினார்கள். அம்மா பந்தைப் பிடித்து எறிந்தாள், அந்த செட் எங்களுடையதானது. பட்டாணி முறங்கள் கவிழ்ந்தன. நான் எதிர்ப்பக்கம் பார்த்தேன். அப்பாவின் நண்பர்கள் அவர் முதுகில் தட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா மட்டும் தட்டுவது எதற்கு என்று தெரியாதவர் போல, வாயைத் திறந்தபடி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது செட்டில் தோற்றோம். கடைசிப் பந்து அம்மாவின் விரல் நுனியில் பட்டுக் கீழே விழுந்தது. ஆனால் டீம் இறங்கி ஆடியாயிற்று. அதிகாரி எழுந்து வந்து சித்தப்பாவின் கையைக் குலுக்கினார். வலை இனிமேல் எங்களுக்குத்தான். சித்தப்பா தோற்ற டீமின் தலைவர் போலவே இல்லை. தூக்குவாளியிலிருந்து ஜூஸை எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்தார்.

வீட்டுக்கு நடக்கும்போது அப்பா, “கையில அடி பட்டுச்சா?” என்று மட்டும் கேட்டார். அம்மா இல்லை என்று தலையாட்டினாள். சேலையின் கரையெல்லாம் செம்மண். அன்று சாப்பாடு போடும்போது, “இடது பக்கம் ஒரு எட்டு தள்ளி நின்னிருக்கணும்” என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. மறுநாள் காலையில் எனக்குத் தலை பின்னிவிடும்போதும், “அந்தப் பந்து எனக்குப் பிடிபட்டிருக்க வேண்டியது” என்றாள். டீம் தன்னால்தான் தோற்றது என்று வருத்தப்படுகிறாள் என்று நினைத்து, “உங்களை ஒருத்தரும் திட்டலம்மா” என்று ஆறுதல் சொன்னேன். அவள் என் ரிப்பனை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டினாள்.

அம்மா போய் வருஷங்கள் ஆகின்றன. அவள் வைத்த மீன்குழம்பைப் பற்றி அக்கா பேசுவாள். விளக்கேற்றும்போது அவள் மெல்லப் பாடியதை யாராவது நினைவுபடுத்துவார்கள். எனக்கு அந்தக் குரல்தான் வேண்டியிருக்கிறது. மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கேட்ட அந்த ஒரு கூப்பாடு. அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் அதைக் கேட்டதில்லை. பந்து சத்தம் கேட்கிற எந்த ஊர் மைதானத்தைத் தாண்டும்போதும் என் கால் கொஞ்சம் தயங்குகிறது.

விழா நாளில் பத்மாக்காவைப் பார்க்க வந்த அந்த விஜயவாடா வரன் அமையவில்லை. அவள் ஒரு வாரம் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டு, மறுபடி ஆட வந்துவிட்டாள். மைதானத்தில் அவளை எல்லாரும் கட்டிப்பிடித்துக் கொண்டாடினார்கள். இனி வாரா வாரம் வேறு குவார்ட்டர்ஸ் டீம்களோடு ஆட்டம் என்று சித்தப்பா அறிவித்தார். அதற்குள் அவருக்கு உண்மையாகவே ஆசை வந்துவிட்டிருந்தது.

அதற்கு அடுத்த நாளோ என்னவோ, நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது அம்மா பின்கட்டில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் பந்து விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அம்மா என்னைப் பார்க்காமலேயே கேட்டாள்.

“அடுத்த மேட்ச் எப்பம்ளா?”

“சண்டே. ஆனா நீங்க வர வேண்டாம்மா. பத்மாக்கா வந்துட்டாங்க. ஏழு பேரும் இருக்காங்க.”

“அப்படியா” என்றாள். பிழிந்த துணியையே மறுபடி ஒருமுறை பிழிந்தாள். “நல்லதாப் போச்சு.”

அம்மாவுக்கு ஒரு தொந்தரவு விட்டது என்று எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. துவைக்கும் கல் மேல் புத்தகப் பையைப் போட்டுவிட்டு, சுவரேறிக் குதித்து ஆட்டம் பார்க்க ஓடினேன்.