கோலைக் கொடுத்த பிறகும்

உடற்கல்வி ஆசிரியைக்கு இருக்கவேண்டிய பொறுமை எனக்கு இல்லை. ஒன்பதாம் வகுப்பில் ஒரு நீளக்கால்காரி இருந்தாள். ஓடவிட்டால் எப்போதும் கடைசிக்கு முந்தின ஆளாக வருவாள். கடைசியாக வருவது அவளுடைய கூட்டாளி. எத்தனை தரம் ஏசினாலும் எருமைமாட்டில் மழை பெய்த கதைதான்.

"ஏன் புள்ள, உனக்கு வெல்ல விருப்பமில்லையா?"

"விருப்பம்தான் டீச்சர். அவள் தனியக் கடைசியா வந்தா எல்லாரும் சிரிப்பாங்க."

இல்ல விளையாட்டுப் போட்டி வந்தது. நீல இல்லத்துக்கு நான் பொறுப்பு. மூன்று வருடமாக நாங்கள் கடைசி. நாலு பேர் கோல் மாற்றி ஓடும் அஞ்சலோட்டத்துக்கு நீளக்கால்காரியைக் கூப்பிட்டேன்.

"அவளையும் போட்டா ஓடுறன் டீச்சர்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் யோசித்தேன். கூட்டாளி கடைசிச் சுற்றில் நின்றால், அவளிடம் போய்ச் சேர இவள் பறந்தாவது வருவாள். அப்படியே போட்டேன்.

மாரி மழை விட்டு, வாவிப் பக்கத்து ஓடுபாதை அப்போதுதான் காய்ந்திருந்தது. என் கணக்குப் பிழைக்கவில்லை. மூன்றாவதாக ஓடிய நீளக்கால்காரி எல்லோரையும் முந்திவந்து கோலைக் கொடுத்தாள். கொடுத்தவள் நிற்கவில்லை. சுண்ணாம்புக் கோட்டுக்கு உட்புறமாக, கூட்டாளிக்குப் பக்கத்தில், "வா, வா" என்று கத்திக்கொண்டே முடிவுக் கோடு வரைக்கும் ஓடினாள்.

முதலாவது நீல இல்லம். உடனே நடுவர் சிவப்புக் கொடியைத் தூக்கினார். ஓடுகிறவருக்குப் பக்கத்தில் ஓடுவது உதவி. உதவி செய்தால் முழு அணியும் விலக்கு.

"கோலைக் குடுத்தா நில்லு எண்டு எத்தின தரம் சொன்னனான்?"

"நிண்டா, மறுகா அவள் அவ்வளவு தூரமும் தனிய ஓடணுமே டீச்சர்."

அந்த வருடமும் நாங்கள் கடைசி. எனக்கு அழுகையே வந்தது, கோபத்தில்.

வழமைபோல அன்றைய ஓட்டத்திலும் ஒவ்வொருத்தியின் நேரத்தையும் எடுத்திருந்தேன். கூட்டாளி தன் வாழ்நாளில் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை. அதை வாய்திறந்து சொல்ல எனக்கு மூன்று நாள் பிடித்தது. சொன்னபோது அவள் நம்பாமல் நின்றாள். நீளக்கால்காரிதான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தாள். தன்னுடைய நேரம் என்னவென்று கேட்கவேயில்லை.