தம்பியைத் தம்பி இல்லை என்று சொல்லாதவன்

ஹோல்கர் லைஷ்னர் எங்கள் ஆலை அணிக்கு வந்து சேர்ந்த அன்று, உடைமாற்றும் அறையில் யாரும் அவன் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. அதுவரை கிழக்கு ஜெர்மனியின் முதல் பிரிவில் நடுக்களத்தில் ஆடியவன். தேசிய அணிச் சட்டையை இரண்டு முறை போட்டவன். அவனை எங்களோடு மூன்றாம் பிரிவில், கரித்தூள் கொட்டிய மைதானத்தில் ஆடச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான், எகோன், அந்த அணியின் கோல்கீப்பர். பகலில் நெசவு இயந்திரங்களுக்குப் பல்சக்கரம் கடைகிறவன்.

"சட்டையை எங்க மாட்டறது?" என்று கேட்டான்.

"எங்க வேணாலும் மாட்டு. இங்க ஆணிங்கதான் நல்லா ஆடும். நாங்க சுமாராத்தான் ஆடுவோம்" என்றேன்.

அவன் சிரித்துவிட்டான். அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்கு மூச்சு வந்தது.

அவன் ஏன் வந்தான் என்று எல்லோருக்கும் தெரியும். வாய்விட்டுப் பேசத்தான் மாட்டோம். அது 1981. ஹோல்கரும் அவன் தம்பி ராய்னரும் ஒரே அணியில் இருந்தார்கள். அண்ணன் நடுவிலிருந்து பந்தை அனுப்புவான், தம்பி முன்னால் ஓடிக் கோல் அடிப்பான். அந்த இலையுதிர்காலத்தில் ஒரு போட்டிக்காக மேற்கு ஜெர்மனிக்குப் போனார்கள். மறுநாள் காலை, அம்மாவுக்குக் காலுறை வாங்கப் போகிறேன் என்று கடைக்குள் நுழைந்த ராய்னர் பின்வாசல் வழியாகப் போய், மேற்கிலேயே தங்கிவிட்டான். அண்ணனிடம்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஊர் திரும்பியதும் கூட்டம் போட்டார்கள். அணி முழுவதும் உட்கார்ந்திருக்க, கட்சி அலுவலர் ஒருவர் ஹோல்கரை எழுப்பி நிறுத்தினார்.

"பெருசா ஒண்ணும் வேணாம் தோழர். 'அவன் துரோகி, இனி என் தம்பி இல்ல'ன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டு உக்காருங்க. ஞாயித்துக்கிழமை ஆட்டத்துல நீங்க இருக்கீங்க."

"அவன் செஞ்சது தப்புன்னு வேணா சொல்றேங்க. தம்பி இல்லன்னு எப்படிச் சொல்றது? எங்கம்மா வீட்ல உக்காந்திருக்காங்களே!"

அதோடு முடிந்தது. அப்போது அவனுக்கு இருபத்துநான்கு வயது.

எங்களோடு எட்டு ஆண்டுகள் ஆடினான். அவன் அனுப்பும் பந்து காலடியில் வந்து நிற்கும், எங்கள் ஆட்கள் அதை வேலிக்கு வெளியே உதைப்பார்கள். ஒருமுறைகூட அவன் திட்டியதில்லை. ஆனால் சில நேரம், யாருமே இல்லாத இடத்துக்கு நீளமாக ஒரு பந்தை அனுப்பிவிட்டு நிற்பான்.

"யாருக்குய்யா அது?" என்று நான் கோல் கம்பத்திலிருந்து கத்துவேன்.

"பழக்கதோஷம்" என்று சொல்லிவிட்டுப் பந்தை எடுக்க அவனே ஓடுவான்.

1986இல் ஹோல்கரின் அம்மா இறந்தார். அடக்கத்துக்குக்கூட ராய்னரை நாட்டுக்குள் விடவில்லை. சவப்பெட்டியை நானும் ஹோல்கரும் ஆலை ஆட்களுமாகத் தூக்கினோம். அந்தக் குளிர்காலத்தில்தான் அவனுக்கு முழங்காலும் போனது. கட்டுப்போட்டுக்கொண்டு ஆடினான்.

1989இல் பெர்லின் சுவர் திறந்தபோது ஹோல்கருக்கு முப்பத்திரண்டு. அடுத்த வாரமே என் ட்ராபன்ட் காரில், மேற்கில் ஒரு பெரிய அணிக்கு ஆடிக்கொண்டிருந்த ராய்னரைப் பார்க்க இருவரும் கிளம்பினோம். வாசலில் அண்ணனும் தம்பியும் கட்டிக்கொண்டு அழுதார்கள். பிறகு ராய்னரின் மனைவி காபியும் பிளம்ஸ் பழக் கேக்கும் வைத்தாள்.

"பெரிய டீமை ஏன் ஹோல்கர் விட்ட? முழங்கால்னு யாரோ சொன்னாங்க" என்றான் ராய்னர்.

ஹோல்கர் கேக்கை வெட்ட ஆரம்பித்தான். நான்தான் கூட்டத்தில் நடந்ததைச் சொன்னேன். ராய்னர் முகம் வெளுத்துப்போய்க் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அட பைத்தியக்காரா, சொல்லிட்டுப் போயிருக்கலாமே! வெறும் வார்த்தைதானே? நான் என்ன தப்பாவா நெனச்சிருக்கப் போறேன்?"

அன்பாகத்தான் சொன்னான். ஹோல்கர் முள்கரண்டியைத் தட்டில் வைத்தான்.

"கேக் நல்லா இருக்கு" என்றான்.

திரும்பும் வழியில் பெட்ரோல் போட நிறுத்தியபோதுதான் வாயைத் திறந்தான். "வெறும் வார்த்தைதானாம், எகோன்." நான் பெட்ரோலுக்குக் காசு கட்டப் போனேன்.

இரண்டு வருடத்தில் ஆலையை மூடினார்கள். அணியும் கலைந்தது. ஹோல்கர் பார்சல் வண்டி ஓட்டினான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பியின் பிறந்தநாளுக்குத் தவறாமல் தொலைபேசியில் பேசுவான். வானிலை, முதுகுவலி, அவ்வளவுதான். ஐம்பத்தைந்து வயதில் ஒருநாள் மதியம், ஒரு வீட்டுக்கு முன்னால் வண்டியை ஓரமாக நிறுத்தினான். இறங்கவில்லை. மாரடைப்பு என்றார்கள்.

அடக்கத்துக்கு ராய்னர் வந்திருந்தான். எல்லோரும் போன பிறகு கல்லறைத் தோட்டத்து வாசலில் என் கையைப் பிடித்தான்.

"எம்மேல கோவமா இருந்தானா? மறைக்காம சொல்லு."

"கோவம் இல்ல" என்றேன். "உன்னைப் பத்தித் தப்பா ஒரு வார்த்தை பேசினதில்ல. ஆனா அன்னைக்கு உன் வீட்டுக்குப் போயிட்டு வந்தப்புறம், உன் மேட்ச் டிவில வந்தா எழுந்து வெளிய போயிடுவான்."

ராய்னர் தலையாட்டினான். தொப்பியைப் போட்டுக்கொண்டு கார் வரை நடந்தான். கதவைத் திறக்காமல் வெகுநேரம் அதன் மேல் கைவைத்து நின்றான்.