கம்ப்யூட்டருக்குள் ஒரு பிடி உப்பு

கம்ப்யூட்டருக்குள் உப்பைப் பொட்டலம் கட்டித் தொங்கவிட்ட ஆள் இந்தக் கடற்கரையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், சங்கம் ஆரம்பித்துவிடலாம். தலைவர் பதவி மட்டும் எனக்கு.

இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம் அது. மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டி எங்கள் வீடு. எனக்கு அளத்தில் மேஸ்திரி வேலை. மனைவி வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டர் வைத்து, கல்யாணப் பத்திரிகையும் காதுகுத்து அழைப்பும் கருமாதிக் கார்டும் அடித்துக் கொடுப்பாள். கல்யாணத்துக்கு முன்பு புதுச்சேரியில் ஓர் அச்சகத்தில் இதே வேலையைச் செய்தவள். அங்கே முதலாளி நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, பன்னீர்ப் புகையிலை வாசனையோடு எழுத்துப் பிழை கண்டுபிடிப்பாராம். "இனிமே எவன் மூச்சும் என் கழுத்துல படக்கூடாது" என்று சொல்லித்தான் இந்த முன்னறைக் கடையைத் திறந்தாள். கம்ப்யூட்டர் படுத்தால் கடை படுத்தது. கடை படுத்தால் மறுபடியும் புதுச்சேரி பஸ், மறுபடியும் புகையிலை.

அது ஏதோ ஓர் ஆபீஸில் உழைத்துக் களைத்து எங்களிடம் ஓய்வெடுக்க வந்த கம்ப்யூட்டர். பொத்தானை அழுத்தினால் ஒரு பெருமூச்சு விடும். பிறகு உள்ளே யாரோ மணலில் சைக்கிள் தள்ளிக்கொண்டு போவதுபோல ஒரு சத்தம். திரை கறுப்பாகவே கிடக்கும். அது விழிக்கிற வரைக்கும் நான் ஜன்னலில் நிற்பேன். வெளியே பாத்தி பாத்தியாக வானம் விழுந்து கிடக்கும். ஒரு கொக்கு மேகத்தின் மேல் கால் வைத்து நடக்கும். வெயில் ஏற ஏறத் தண்ணீர் முகத்தில் வெள்ளையாக ஆடை கட்டும். பார்த்துக்கொண்டே நின்றால் எது தண்ணீர், எது வானம், எது என் தலைக்குள் இருப்பது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அந்த மெதுவான கம்ப்யூட்டர்தான் எனக்குத் தினமும் அந்த மயக்கத்தைக் கொடுத்தது. இதைப் பெண்டாட்டியிடம் சொல்ல முடியுமா?

"ஏங்க, இது ஆன் ஆவறதுக்குள்ள சாம்பார் வெச்சு இறக்கிட்டேன். புதுசு ஒண்ணு வாங்கிடலாம்."

"இதுக்கென்ன கேடு? ரேம் ஏத்தினா ஓடும்."

"முதல்ல நடக்கட்டும். அப்பறம் ஓடட்டும்."

என் புத்தி அளத்துப் புத்தி. ஒவ்வொரு வருஷமும் மழை முடிந்து தை பிறந்தால் நாங்கள் புதுப் பாத்தியா வெட்டுகிறோம்? இல்லை. பழைய பாத்தியிலேயே தண்ணீரை இறைத்து, சேற்றை வழித்து, தோளோடு தோள் சேர்ந்து நின்று காலால் மிதிப்போம். தரை சிமெண்டு மாதிரி இறுகும். அவ்வளவுதான், அது புதுப் பாத்தி. கம்ப்யூட்டரையும் அப்படி மிதித்துப் புதுசாக்கிவிடலாம் என்று நம்பினேன்.

திண்டிவனத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த என் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி பைக்கில் வந்து, மூடியைக் கழற்றிப் பார்த்தான்.

"டேய், இப்ப கடையில விக்கிற ரேம் இந்த போர்டுல ஏறாதுடா. போர்டை மாத்தணும். போர்டை மாத்தினா பிராசஸரை மாத்தணும். அதுக்குப் புதுசே வாங்கிடலாம்."

"அதையேதான் நானும் சொன்னேன்," என்றாள் மனைவி அவனிடம். "தமிழ்ல சொன்னதால உங்க கூட்டாளிக்குப் புரியலை."

நான் மசியவில்லை. ரேமுக்காக போர்டு வந்தது, போர்டுக்காக பிராசஸர் வந்தது, அது சூடானதால் பெரிய விசிறி வந்தது. கடைசியில் பழையதாக மிஞ்சியவை ஹார்ட் டிஸ்க்கும் தகரப் பெட்டியும் என் பிடிவாதமும்தான். ஆனால் ஓடியது. கொக்கு வரப்பைத் தாண்டுவதற்குள் திரை வெளுத்துவிடும். அவளுக்கே ஆச்சரியம். எனக்குத்தான் ஜன்னலில் நிற்க நேரம் போதவில்லை.

போகும்போது கூட்டாளி பெட்டியின் ஓரத்தைச் சுரண்டிக் காட்டினான். துரு. "உப்புக் காத்துடா. ஈரம் உள்ள போவாம பாத்துக்க."

இந்த ஒரு வாக்கியத்தை அவன் சொல்லாமல் போயிருக்கலாம்.

எங்கள் அளத்து ஆட்கள் மழைக்காலத்தில் வத்திப்பெட்டியை ஒரு டப்பாவுக்குள், வறுத்த உப்பின் மேல் வைப்பார்கள். உப்பு ஈரத்தைக் குடித்துக்கொள்ளும், குச்சி சுர்ரென்று பற்றும். வத்திக்குச்சியைக் காப்பாற்றுகிற உப்பு கம்ப்யூட்டரைக் காப்பாற்றாதா? மழை தொடங்குகிற சமயம், மனைவி மளிகைக் கடைக்குப் போயிருந்தபோது, அளத்து உப்பு ஒரு பிடியைத் துணியில் முடிந்து பெட்டிக்குள் போர்டுக்கு மேலே தொங்கவிட்டேன். அன்று எனக்கு இருந்த பெருமைக்கு, யாராவது மாலை போட்டிருந்தால் கழுத்தை நீட்டியிருப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் அவளுக்கு முதல் பெரிய வேலை வந்திருந்தது. கிளியனூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் ஆண்டு மலர். பிள்ளைகள் எழுதின கதை, கவிதை, தலைமை ஆசிரியர் வாழ்த்து எல்லாம் அடித்துப் பக்கம் கட்ட வேண்டும். இது சரியாக முடிந்தால் மற்ற பள்ளிக்கூடங்களும் வரும். முடியாவிட்டால் யாரும் வரமாட்டார்கள். கிட்டத்தட்ட முடித்துவிட்டாள்.

மழை பிடித்தது. கடலும் வானமும் அளமும் ஒரே சாம்பல் நிறமாகி, வீடே ஒரு தோணி மாதிரி மிதந்தது. விசிறிச் சத்தமும் மழைச் சத்தமும் கலந்து எனக்குக் கண் சொக்கியது. அவள் தட்டிக்கொண்டே இருந்தாள். திடீரென்று விசிறி நின்றது. மழை மட்டும் கேட்டது.

அவள் பொத்தானை அழுத்தினாள். திரும்ப அழுத்தினாள். பெருமூச்சுகூட வரவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. புதுச்சேரி வேலைக்குக் கொண்டுபோன பழைய பஸ் பையைப் பீரோ மேலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மறுநாள் கூட்டாளி நனைந்துகொண்டே வந்தான். பெட்டியைச் சாய்த்தான். ஓரத்தில் தண்ணீர் சொட்டியது.

"ஏம்பா, கூரை ஒழுவுதா?"

"இல்லையே."

மூடியைக் கழற்றினான். துணி முடிச்சு பாதியாக இளைத்துத் தொங்கியது. அதிலிருந்து சொட்டின உப்புத் தண்ணீர் புது போர்டு முழுக்கப் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. அவன் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான்.

"டேய், உள்ள கருவாடு போடுறியா?"

நான் வத்திப்பெட்டி விஷயத்தை விளக்கினேன். முழுக்கக் கேட்டான்.

"அந்த டப்பாவுக்கு மூடி இருக்குமா?"

"இருக்கும்."

"இந்தப் பெட்டிக்கு?"

பின்பக்கம் விசிறிக்கு வெட்டின ஓட்டை என்னைப் பார்த்துச் சிரித்தது. அதன் வழியாக வந்த கடல் ஈரம் அத்தனையையும் என் உப்பு குடித்து, குடித்ததைக் கக்கியிருக்கிறது. போதாததற்கு அதை வறுக்கவும் இல்லை.

மனைவி முடிச்சைக் கையில் எடுத்துப் பிரித்துப் பார்த்தாள். "இது என் ஜாக்கெட்டுத் துணி," என்றாள். எனக்கு மழைக்குள் ஓடிவிடலாம் போலிருந்தது.

ஹார்ட் டிஸ்க் மேல் தட்டில் இருந்ததால் உப்பு அதைத் தொடவில்லை. கூட்டாளி அதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான். அவள் அதே பஸ் பையோடு திண்டிவனம் போய், அவன் கடையில் உட்கார்ந்து மிச்சப் பக்கங்களை முடித்தாள். நாற்காலிக்குப் பின்னால் யாரையும் நிற்கவிடவில்லையாம். அவன் சொல்லிச் சிரித்தான். பள்ளிக்கூடத்துக்கு மலர் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து இன்னொரு பள்ளிக்கூடமும் வந்தது. அதற்குப் பிறகு ரேமா புதுசா என்ற பேச்சே எங்கள் வீட்டில் எழவில்லை. அவள் என்னைக் கேட்கவும் இல்லை.

தை பிறந்து பாத்தி மிதிக்கிற நாட்களில் புதுக் கம்ப்யூட்டர் வேனில் வந்தது. சேற்றில் நின்றபடியே பார்த்தேன். வெயிலில் மினுங்குகிற பாத்திகளுக்கு நடுவே, வரப்பில், வெள்ளை அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் வந்தார்கள். தண்ணீரில் தலைகீழாக இன்னும் இரண்டு பேர் இன்னொரு பெட்டியைத் தூக்கி வந்தார்கள். கீழே வருவது எனக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

வேலையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அவள் எல்லா ஒயரையும் செருகி முடித்து, நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வாசலில் நின்று, முடிந்தவரை பவ்யமாகக் கேட்டேன்.

"முதல் தடவை பொத்தானை நான் அமுக்கட்டுமா?"

திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "கையைக் கழுவிட்டு வாங்க."