வேலியோரத்து ராஸ்பெரித் தடிகள்

ஜெர்மனியின் கொலோன் நகருக்கு வெளியே, ஒரு தோட்டச் சங்கத்தில் துண்டு நிலம் வாடகைக்கு எடுத்த வருடம், பக்கத்துத் தோட்டத்து ஜெர்மன் கிழவர் ஒரு கட்டுத் தடி கொண்டுவந்து தந்தார். ராஸ்பெரியாம். எந்தப் பனிக்கும் சாகாத சிவப்பு இனமாம். வேலியோரமாக நடச் சொன்னார். கேட்காமல் கொடுக்கிறவரை நான் நம்புவதில்லை. எல்லை வேலியின் கதியால் கம்பை வருடத்துக்கு ஒரு சாண் தள்ளி நடுகிற அயலவர்களோடு யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவள் நான்.

"உந்தாளுக்கு எங்கட காணியில ஒரு கண் இருக்கு," என்றேன் கணவரிடம்.

"உமக்கு வேற வேலை இல்லையே? நடும்."

எனக்குப் பயம் இருந்தது. இரண்டாம் கோடைக்குள் தோட்டத்தில் ஏதாவது காய்த்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் சங்கம் நிலத்தைத் திருப்பி எடுத்துவிடும். நான் போட்ட கத்தரியும் மிளகாயும் குளிரில் கருகிப்போயின. அகதி முகாமில் ஒற்றை அறைக்குள் கிடந்துவிட்டு வந்த எனக்கு அந்த மண்தான் உயிர்.

முதல் கோடையில் ராஸ்பெரி இலையாகத் தழைத்ததே தவிர ஒரு பழம் இல்லை. "அடுத்த வருடம்," என்று கிழவர் சிரித்தார். மலட்டுத் தடியைத் தலையில் கட்டிவிட்டார் என்று நினைத்தேன். போதாததற்கு, வேரோடிக் கம்பிவேலிக்கு அடியால் அவர் பக்கமும் கன்றுகள் முளைத்தன. அவற்றை அவர் பிடுங்கவில்லை. ஏன் பிடுங்கவில்லை?

இலை கொட்டியதும் கத்தியை எடுத்தேன். முருங்கையைத் தறித்தால்தானே துளிர்த்துக் காய்க்கும். கிழவர் வேலிக்கு அப்பால் நின்று "நைன், நைன்!" என்று வெட்டவேண்டாமெனக் கையை ஆட்டினார். என் தோட்டம் காய்த்தால் இவருக்குப் பொறுக்காது என்று இன்னும் வேகமாக வெட்டினேன். ஒரு தடி மிச்சமில்லை.

அடுத்த கோடையிலும் என் பக்கம் வெறும் இலை. கணவர் நாற்றுக்கடையில் விசாரித்துவிட்டு வந்தார்.

"போன வருசத் தடியிலதான் உது பழுக்குமாம். நீர் அதைத்தான் தறிச்சுப் போட்டீர்."

கிழவரின் பக்கத்திலோ, என் கத்தி எட்டாத கன்றுகளில் கொத்துக் கொத்தாகச் சிவப்புப் பழம். எனக்கு வயிறு எரிந்தது.

சங்கத்தார் பார்வையிட வரும் நாள் காலையில் நேரத்தோடு போனேன். கிழவர் வேலியடியில் குனிந்து நின்றார். களவுதான் என்று நினைத்துக் கிட்டப் போனேன். பழுத்த தடிகளை ஒவ்வொன்றாக வளைத்து, வேலிக்கு மேலால் என் பக்கம் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"வேர் உங்களுடையதுதானே," என்றார்.

சங்கத்தார் பழத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். நிலம் எனக்கே நின்றது. கிழவரும் போன பிறகு, எல்லைக் கம்பி நட்ட இடத்தில்தான் நிற்கிறதா என்று ஒருமுறை போய்ப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் அழுதேன்.