பெண்கள் வார்டில் ஒன்று

எங்கள் மாவட்டத்து ஆஸ்பத்திரிகளில் இன்று எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள், எத்தனை பேர் வீடு திரும்பினார்கள், காப்பீட்டுத் திட்டத்தில் எவ்வளவு பணம் வந்தது, ஆக்சிஜனுக்கும் ஜெனரேட்டர் டீசலுக்கும் எவ்வளவு போனது என்பதையெல்லாம் ஒன்றுசேர்த்துச் சென்னைக்கு அனுப்புவது என் வேலை. மாநிலம் முழுவதற்கும் இப்படித்தான் சேர்கிறது. நோயாளிகளின் பெயர் எங்களுக்கு வராது. வரக் கூடாது என்பதுதான் விதி. வார்டுவாரியாக எண் மட்டும் வரும். அது ஒரு குறையாக எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

மகள் சிதம்பரத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். போன மழைக்காலத்தில் ஒரு காலை, அவளுடைய அறைத்தோழி கூப்பிட்டாள்.

“அங்கிள், பயப்படாதீங்க. அவளுக்கு ரெண்டு மூணு நாளா ஜுரம். டெங்குன்னு சொல்லிட்டாங்க. பிளேட்லெட் ரொம்ப எறங்கிடுச்சாம். அட்மிட் பண்ணிட்டோம். எனக்கு எக்ஸாம் இருக்கு, எழுதிட்டு ஓடியாந்துடுறேன்.”

ஆஸ்பத்திரி பெயரைச் சொன்னாள். பெரியதும் இல்லை, சின்னதும் இல்லை. எங்களுக்குத் தினமும் கணக்கு அனுப்பும் இடம்தான். மகளும் ஒரு நிமிடம் பேசினாள். “ஏம்ப்பா பதறுறீங்க, சும்மா ஜுரந்தான்” என்றாள். குரல் தொலைவில் இருந்து வருவதுபோல் இருந்தது. அதற்குப் பிறகு அவள் ஃபோன் அணைந்துவிட்டது. தோழி பரீட்சை அறைக்குள் போய்விட்டாள். ஆஸ்பத்திரி வரவேற்பு எண்ணில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

நானும் மனைவியும் கடலூர் பஸ் நிலையத்தில் சிதம்பரம் வண்டி ஏறினோம். மனைவி கையில் பப்பாளி இலைச் சாறு நிரப்பிய தண்ணீர் பாட்டில். மூடி சரியில்லை. முதுநகர் தாண்டுவதற்குள் கசிந்து பை நனைந்துவிட்டது.

“யம்மா, என்னா அது, பச்சையா வழியுது?” என்றார் கண்டக்டர்.

“மருந்துங்க.”

“குடிக்கிறவங்க பாவம். சீட்ல படாம பாத்துக்கங்க.”

மனைவி சிரித்தாள். நானும் சிரித்தேன். அதோடு அன்றைய சிரிப்பு முடிந்தது.

செம்மங்குப்பம் பக்கம் வரும்போது தொழிற்சாலைகளின் ரசாயன வாடை ஜன்னல் வழியே ஏறியது. மனைவி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வெளியே திரும்பினாள். பழக்கத்தில் என் விரல் ஃபோனில் அலுவலகச் செயலியைத் திறந்தது. அந்த ஆஸ்பத்திரியைத் தேடினேன். மகள் சேர்ந்திருப்பதை எண்ணாகவாவது பார்த்துவிடலாம் என்ற ஆசை. பெண்கள் வார்டு. புதிதாகச் சேர்ந்தவர்கள், வீடு திரும்பியவர்கள், வேறிடம் அனுப்பப்பட்டவர்கள். பட்டியலின் கடைசிக் கட்டம் இறந்தவர்கள். அதில் ஒன்று என்றிருந்தது.

காலையில் வீட்டில் பார்த்தபோது அங்கே சைபர் இருந்தது.

ஃபோனைச் சட்டைப்பைக்குள் போட்டேன். திரும்ப எடுத்தேன். ஒன்று. பேர் இல்லை, வயது இல்லை. இந்த மாதிரி எண்களை நான் ஆயிரக்கணக்கில் பார்த்தவன். தப்பாக ஏறியவையும் நிறைய. ஒரு முறை பிரசவ வார்டில் ஓர் ஆண் சேர்ந்திருந்தார், அலுவலகமே சிரித்தது. இதுவும் அப்படி இருக்கலாம் என்று சொல்லிக்கொண்டேன். நெஞ்சு அதை ஏற்கவில்லை.

“இன்னிக்காவது அந்த ஆபீஸ் வேலைய விடக் கூடாதா?” என்றாள் மனைவி, திரும்பாமலே.

“ஒரு கால் பேசிட்டு வந்துடுறேன்.”

எழுந்து படிக்கட்டுப் பக்கம் போனேன். அந்த ஆஸ்பத்திரியில் கணக்கு ஏற்றும் பெண்ணின் எண் என்னிடம் இருந்தது. அவளோடு வாரத்தில் பாதி நாள் பேசுபவன் நான். என் மகளைப் பற்றித்தான் கேட்கப் போனேன். ஆனால் வாய் திறந்ததும் அலுவலகக் குரல்தான் வந்தது. “பெண்கள் வார்டுல இறப்பு ஒண்ணு காட்டுதே, சரிதானா?”

“ஐயோ, சாரி சார். இதோ இப்பவே மாத்திடுறேன் சார்.”

வைத்துவிட்டாள். நான் திரையைப் பார்த்தபடி நின்றேன். ஒன்று போய் சைபர் வந்தது.

அது எனக்கு ஆறுதல் தந்திருக்க வேண்டும். தரவில்லை. மாவட்ட அலுவலகத்திலிருந்து ஓர் எண்ணைப் பற்றிக் கேள்வி வந்தால், அந்த எண்ணை மாற்றச் சொல்கிறார்கள் என்றுதான் எல்லா ஊரிலும் புரிந்துகொள்கிறார்கள். நல்ல எண்ணோ கெட்ட எண்ணோ, கேட்டால் மாறிவிடும். திரும்பக் கூப்பிட்டேன்.

“ஏம்மா மாத்துன?”

“நீங்கதானே சார் கேட்டீங்க? அப்ப திருப்பிப் போட்டுடட்டுமா?”

“இரும்மா. அது யாரு?”

“எனக்கு எப்படி சார் தெரியும்? வார்டுலேருந்து நம்பர் மட்டுந்தான் சொல்லுவாங்க. பேர் வாங்காதேன்னு நீங்களே திட்டியிருக்கீங்க.”

“கொஞ்சம் போயி பாத்துட்டு வர முடியுமா?”

“இப்பவா சார்? இன்சூரன்ஸ் கிளெய்ம் ஏத்திட்டு இருக்கேன். இத இன்னிக்கி அனுப்பலன்னா பணம் நின்னுடும், எம்டி என்னைய உண்டு இல்லன்னு ஆக்கிடுவாரு.”

என் மகள் அங்கே படுத்திருக்கிறாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் ஓடியிருப்பாள். நல்ல பெண். என்னால் சொல்ல முடியவில்லை. அவள் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து என்ன சொல்வாள் என்பதை, ஓடுகிற பஸ்ஸின் படியில் நின்று கேட்கத் தைரியம் இல்லை. “சரி, வேலையப் பாரு” என்றேன்.

இருக்கைக்குத் திரும்பினேன். புதுச்சத்திரம் வரையில் மனைவி பேசிக்கொண்டே வந்தாள். மகள் ஒன்றாம் வகுப்பில் ஊசிக்குப் பயந்து பீரோவுக்குப் பின்னால் ஒளிந்தது, நெல்லிக்குப்பத்தில் தன் அண்ணன் வீட்டுக் கல்யாணத்தில் அவளுக்கு எடுக்க வேண்டிய புடவை, விடுதிச் சாப்பாட்டில் உப்பு ஜாஸ்தி. எனக்கு எரிச்சலாக வந்தது. இவளுக்கு ஒன்றும் தெரியாது, இவளுக்கும் சேர்த்து நான் பயப்படுகிறேன் என்று நினைத்தேன். வெள்ளாற்றுப் பாலம் வந்ததும் அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். ஆறு நிறையத் தண்ணீர்.

ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டு இரண்டாவது மாடி. படிக்கட்டுக்குக் கீழே மனைவி நின்றுவிட்டாள்.

“நீங்க போயிட்டு வாங்க. நா இங்கயே இருக்கேன்.”

“ஏன், கால் வலிக்குதா?”

அவள் என் சட்டைப்பையைப் பார்த்தாள். “செம்மங்குப்பத்துல ஃபோனைப் பாத்தீங்கல்ல. ஓரக்கண்ணால நானும் பாத்தேன்.”

இத்தனை வருடம் என்னோடு குடித்தனம் செய்தவளுக்கு அந்தப் பட்டியலின் கடைசிக் கட்டம் எது என்று தெரியாதா? பாலம் வரைக்கும் அவள் பேசியது எனக்காக.

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். வார்டு வாசலில் நர்ஸ் ஏதோ கேட்டார். காதில் விழவில்லை. வரிசையாகக் கட்டில்கள், கொசுவலைகள். ஒரு கட்டிலில் மெத்தையைச் சுருட்டி வைத்து இரும்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அதைத் தாண்டி என் கண் போகவில்லை.

“அப்பா! சார்ஜர் கொண்டாந்தீங்களா?”

அடுத்த கட்டிலில், வலைக்குள், கையில் ஊசியோடு அவள். முகம் வெளுத்து உதடு காய்ந்திருந்தது. தலையைத் தொட்டேன். சூடு. அந்தச் சூட்டை நான் ஒருநாளும் மறக்க மாட்டேன்.

மனைவியிடம் சொல்ல வேண்டுமே என்று படிக்கட்டுக்கு ஓடினேன். கைப்பிடிக்கு மேல் குனிந்தேன். கீழே அவள் அண்ணாந்து என்னையே பார்த்தபடி நின்றாள். ‘இருக்கா’ என்று சொல்ல வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை, அழுகைதான் வந்தது. அவ்வளவு பெரிய அழுகை.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பாட்டில் கையிலிருந்து விழுந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் கையை ஆட்டினேன், தலையை ஆட்டினேன். எல்லாமே அவளுக்கு ஒரே செய்தியைத்தான் சொல்லியிருக்கும். எனக்குப் பின்னால், குளுக்கோஸ் பாட்டிலை நர்ஸ் தூக்கிப் பிடிக்க, மகள் மெல்ல நடந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

“யம்மா, ஏன் தரையில உக்காந்திருக்க? எல்லாரும் மிதிக்கிற இடம்.”

மனைவி எப்படிப் படியேறினாள் என்று எனக்கு நினைவில்லை. அவள் மகளைக் கட்டிக்கொண்ட வேகத்தில் நர்ஸ் சத்தம் போட்டது மட்டும் நினைவிருக்கிறது.

சாயங்காலம் மகள் என்னிடம் கேட்டாள். “பக்கத்து பெட்டு அக்காவ நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி திரை போட்டு மறைச்சு எங்கயோ எடுத்துட்டுப் போனாங்கப்பா. ஐசியூவுக்கா இருக்கும். காலையில எனக்கு ஆரஞ்சு உரிச்சுக் குடுத்தாங்க. இப்ப எப்படி இருக்காங்கன்னு உங்க ஆபீஸ்ல தெரியுமா?”

“எங்களுக்குப் பேர் வராதும்மா” என்றேன்.

கீழே கணக்கு அறைக்குப் போனேன். அந்தப் பெண் என்னை நேரில் பார்த்ததும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். அந்த ஒன்றைத் திரும்பப் போடச் சொன்னேன். “கன்ஃபார்மா சார்?” என்று இருமுறை கேட்டாள். வெளியே பெஞ்சில் ஒருவர் ஆரஞ்சுப் பழப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரைக் கடந்துதான் நான் மாடிக்குப் போக வேண்டும். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

மகள் தேறி விடுதிக்குத் திரும்பிவிட்டாள். பழையபடி சண்டை போடுகிறாள், ஃபோன் எடுக்க மறக்கிறாள். ஆனால் தினமும் நான் வேலை முடிந்து செருப்பைக் கழற்றும்போதே மனைவி கேட்டுவிடுகிறாள். “சிதம்பரத்துல இன்னிக்கி எப்படி?” அவள் எந்த வார்டைக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். மகள் எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லை என்று அவளுக்கும் தெரியும்.

“சைபர்” என்கிறேன்.

சைபர் இல்லாத நாளிலும் அதைத்தான் சொல்கிறேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்க்கிறாள். பிறகு மகளுக்கு ஃபோன் போடுகிறாள். மறுமுனையில் குரல் கேட்கும்வரை நாங்கள் இருவரும் நின்றுகொண்டேதான் இருக்கிறோம்.